முதியோர் இல்லத்தில் மூட்டைப்பூச்சி: கட்டிலையும் ஆளையும் இடம் மாற்றாதீர்கள்

முதலில் நாங்கள் ஆச்சியின் வெற்றிலையைத்தான் குற்றம் சொன்னோம். ஆறாம் கட்டில் ஆச்சியின் வாயில் எந்நேரமும் வெற்றிலை இருக்கும். விரிப்பில் துரு நிறத்தில் புள்ளி புள்ளியாகக் கறை கண்டால் வேறென்ன நினைப்பது? மூன்று கிழமையாக "ஆச்சி, துப்பிப்போட்டுப் படுங்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அவரும் பாவம், தன் பிழை என்றே நம்பிவிட்டார். பிறகு ஒரு நாள் இரவுக் கடமையில் நின்ற பிள்ளை தலையணையைப் புரட்டிவிட்டு ரோச் லைற்றோடு ஓடி வந்தாள். "அன்ரி, இது வெற்றிலை இல்லை. மூட்டை."

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் 34 பேர் இருக்கும் ஒரு முதியோர் இல்லத்தில் நான் மேற்பார்வையாளர். 11 வருடமாகிறது. எங்கள் இடத்தில் மூட்டையை ஒழிக்க நான்கு மாதம் பிடித்தது. அதில் முதல் இரண்டு மாதம் எங்கள் பிழைகளிலேயே போனது. கதை வெளியே தெரிந்த பிறகு வேறு இல்லங்களில் இருந்து சிலர் போனில் கேட்டார்கள். எல்லாரும் குரலைத் தாழ்த்தியே கேட்டார்கள், பக்கத்தில் யாரோ நிற்பது போல. அவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதுகிறேன்.

வெட்கத்தைப் பற்றி ஒரு சொல். மூட்டை ஊத்தைக்கு வருவதில்லை, இரத்தத்துக்கு வருகிறது. தினமும் கூட்டித் துடைக்கிற வீட்டிலும் வரும். 2023இல் பாரிஸ் நகரமே மூட்டையால் பரபரப்பானது. அங்கே இருக்கும் ஒரு மகன் போனில், "அம்மாவை இப்படியா வைத்திருக்கிறீர்கள்?" என்று என்னிடம் சத்தம் போட்டார். "தம்பி, உங்கள் ஊர் மெட்ரோவில் இல்லாததா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார். எல்லாரும் சிரிக்க மாட்டார்கள், அதற்கும் ஆயத்தமாக இருங்கள்.

அது மூட்டைதானா?

உடம்பில் தழும்பு இருக்கிறதா என்று பார்த்து முடிவெடுக்காதீர்கள். இளம் ஆட்களுக்குக் கடித்த இடம் தடித்துச் சிவக்கும். வயது போனவர்கள் பலருக்கு ஒன்றுமே தெரியாது. எங்கள் மாஸ்டர் ஒருவரின் மெத்தை ஓரத்தில் ஐம்பதுக்கு மேல் எடுத்தோம், அவர் உடம்பில் ஒரு புள்ளி இல்லை. மறதி நோய் உள்ளவர்களுக்குக் கடித்தாலும் சொல்லத் தெரியாது. இரவில் எழும்பி உட்காருவார்கள், விரிப்பை இழுப்பார்கள், நாங்கள் "இன்றைக்குக் குழப்படி" என்று எழுதிவைப்போம். எதிர்ப்பக்கமும் உண்டு. விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு மடிப்பு என்று சொறிந்தால் அது சிரங்காக இருக்கலாம். இல்லங்களில் சிரங்கும் லேசாகப் பரவும், அதற்கு மருத்துவம் வேறு. தழும்பை வைத்தியர் பார்க்கட்டும், நீங்கள் கட்டிலைப் பாருங்கள்.

வளர்ந்த மூட்டை 5 முதல் 7 மில்லிமீற்றர் இருக்கும். பசியோடு இருக்கும்போது தட்டை, மண்ணிறம். குடித்த பிறகு ஊதி நீண்டு கருஞ்சிவப்பாகும். குஞ்சு எள்ளைவிடச் சிறிது, கிட்டத்தட்ட நிறமே இல்லாதது. முட்டை ஒரு மில்லிமீற்றர், வெள்ளை, இடுக்கில் பசை போட்டு ஒட்டினது போல் இருக்கும். மூட்டைக்குப் பறக்கவும் தெரியாது, குதிக்கவும் தெரியாது. குதித்தால் அது தெள்ளு, அப்போது பூனையைத் தேடுங்கள். நசுக்கினால் கொத்தமல்லி இலை கெட்டது போல ஒரு மணம் வரும். நசுக்கச் சொல்லவில்லை, விரிப்பெல்லாம் கறைதான் மிஞ்சும்.

தேடுவதற்கு மூன்று பொருள் போதும்: நல்ல ரோச், பழைய போன் ரீலோட் அட்டை, அகலமான செலோரேப். மெத்தையின் தையல் ஓரத்தை விரலால் விரித்து, அட்டை நுனியால் மெல்லக் கிண்ட வேண்டும். வருவதை ரேப்பில் ஒட்டி வெள்ளைத்தாளில் போட்டு, கட்டில் இலக்கமும் திகதியும் எழுதுங்கள். பொது சுகாதாரப் பரிசோதகர் வரும்போது காட்ட அந்தத் தாள் உதவும். பூச்சியே அகப்படாவிட்டாலும் பேனா முனையால் குத்தினது போன்ற கறுப்புப் புள்ளிகளும், கழற்றிப்போட்ட வெற்றுத் தோல்களும் அகப்படும். அந்தக் கறுப்பு, குடித்த இரத்தத்தின் கழிவு. ஈரத்துணியால் தொட்டால் மை போலப் பரவும். இதை மூன்று கிழமை முந்தித் தெரிந்திருந்தால் ஆச்சியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டி வந்திராது.

மெத்தையோடு நின்றுவிடாதீர்கள். இரும்புக் கட்டிலின் குழாய்க் கால்களில் பிளாஸ்ரிக் மூடி கழன்றிருந்தால் உள்ளே ஒரு ஊரே இருக்கும். ஆணித் துளை, பலகைச் சட்டம் சேரும் இடம், வீல்செயரின் இருக்கை மடிப்பு, நடைச்சட்டத்தின் றப்பர் பிடி, சுவரில் தொங்கும் சாமிப்படத்தின் பின்பக்கம், கலண்டர், சுவிச் பெட்டி, பம்பர்ஸ் வந்த கார்ட்போட் பெட்டி, எல்லாம் பாருங்கள். நுளம்பு வலையை மறக்கவே வேண்டாம். அதன் அடிமடிப்பில் இருக்கும், கட்டின கயிறு வழியாகச் சுவருக்கும் போகும். எங்களுக்கு அதிகம் அகப்பட்டது ஒரு சாய்மனைக் கதிரையில். பிரம்பு பின்னுவதற்குச் சட்டத்தைச் சுற்றி வரிசையாகத் துளை போட்டிருப்பார்களே, ஒவ்வொரு துளையும் ஒரு வீடு. அந்தக் கதிரை எப்படி வந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நாங்கள் செய்த மூன்று பிழைகள்

முதல் பிழை, இரக்கத்தால் செய்தது. ஆச்சி இரவைக்காவது கடியில்லாமல் நித்திரை கொள்ளட்டும் என்று பக்கத்து அறைக்கு மாற்றினோம். தலையணையும் கூடப் போனது, பெட்டியும் போனது. மூன்று கிழமையில் இரண்டு அறையிலும் மூட்டை. ஆள் இல்லாத கட்டிலில் மூட்டை பட்டினியில் செத்துவிடும் என்று நினைத்திருந்தோம். அது மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும், இல்லாவிட்டால் சுவரோரமாக நடந்து அடுத்த ஆளைத் தேடும். ஆகவே கட்டிலை அதே இடத்தில் வைத்து, ஆளையும் அதே கட்டிலில் வைத்து, கட்டிலைத்தான் சுத்தமாக்க வேண்டும். கேட்க மனதுக்குக் கஷ்டமாக இருக்கும். வேறு வழி இல்லை.

இரண்டாவது, கடையில் விற்கும் ஸ்பிரே. நுளம்புக்கும் கரப்பானுக்கும் அடிக்கிற தகரப்புட்டியை எடுத்து மண்டபம் முழுக்க அடித்தோம். அன்றைக்கு இரண்டு ஐயாமாருக்கு இழுப்பு வந்தது. மூட்டைக்கு ஒன்றும் வரவில்லை. நேரே பட்டது சில செத்தன, மற்றவை சுவர் வெடிப்புக்குள் போய்விட்டன. இது எங்கள் கைப்பிழை மட்டுமில்லை. பேராதனை ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வு, இலங்கை மூட்டைகள் பூச்சிமருந்துகளுக்கு எதிர்ப்புப் பெற்றிருப்பதைக் காட்டியது. புகை அடிக்கிற முறையும் இதேதான், புகை இடுக்குக்குள் போகாது.

மூன்றாவது, வெயிலில் மெத்தை. சித்திரை வெயில்தானே, முற்றத்தில் போட்டால் காய்ந்து செத்துவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். மெத்தையின் மேல்பக்கம் கை வைக்க முடியாமல் சுட்டது, அடிப்பக்கம் குளிர்ந்திருந்தது. மூட்டை அடிப்பக்கம் போனது, அவ்வளவுதான். சில, வேலியோரம் நடந்து போனதைக் கண்ணால் கண்டோம்.

இன்னும் சிலர் செய்ய நினைப்பதையும் சொல்லிவிடுகிறேன். அரிசி மூட்டைக்குப் போடுகிற வண்டுக் குளிசையை அறைக்குள் வைக்கவே கூடாது. அது பொஸ்பீன் என்ற நச்சுவாயுவாக மாறும். சுவர் தாண்டிப் பக்கத்து அறைக்கும் போகும். மூட்டைக்கு வைத்து மனிதர் செத்த சம்பவங்கள் உலகத்தில் பல இடங்களில் உண்டு. வெங்காயத் தோட்டத்துக்கு அடிக்கிற மருந்தும் வேண்டாம். மண்ணெண்ணெய் ஊற்றிய மெத்தைக்குப் பக்கத்தில் யாராவது சாமிவிளக்குக் கொளுத்தினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பூச்சி முட்டை எனப்படும், அலுமாரிக்குள் போடுகிற வெள்ளை நாப்தலீன் உருண்டைகள் மூட்டையை ஒன்றும் செய்யாது. மறதி உள்ள ஒருவர் அதைக் கற்கண்டு என்று வாயில் போடக்கூடும்.

சொல்வது, பிறகு செய்வது

வேலை தொடங்க முதல் மூன்று தரப்புக்குச் சொல்ல வேண்டும். வேலை செய்யும் பிள்ளைகளுக்கு முதலில். அவர்கள் பயம் நியாயமானது, வீட்டில் கைக்குழந்தை உள்ளவர்களும் இருப்பார்கள். அவர்களின் பைகளை அறைகளுக்குள் கொண்டுவர விடாமல் விறாந்தையில் மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டிகள் வைத்தோம். கடமை முடிய உடுப்பு மாற்றி, மாற்றினதைப் பையில் கட்டிக்கொண்டு போய் நேரே சுடுதண்ணீரில் போடச் சொன்னோம். பிறகு உறவினர்களுக்கு. வாட்ஸப்பில் இரண்டு வரி போதும்: வந்திருக்கிறது, இன்ன இன்ன செய்கிறோம், அடுத்த ஆறு கிழமைக்கு உடுப்பு, மெத்தை, தலையணை எதுவும் கொண்டுவர வேண்டாம். சாதாரண நிலையில் மூட்டை ஆளுக்கு ஆள் நோய் பரப்புவதாக நிரூபிக்கப்படவில்லை என்பதையும் எழுதுங்கள், முதல் கேள்வி அதுதான். கடைசியாக இல்லத்தில் இருப்பவர்களுக்கு. இதை ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டாம். கட்டில் கட்டிலாகப் போய் இருந்து கதையுங்கள்.

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும் அறிவித்தோம். மறைத்தால் பிறகு தெரிய வரும்போது கேட்கிற கேள்விகள் வேறு மாதிரி இருக்கும்.

சரி, வேலை. மூட்டையைக் கொல்வது சூடு. 50 பாகை செல்சியசில் மூட்டையும் முட்டையும் விரைவில் சாகும். 45 பாகை என்றால் மணிக்கணக்காக வேண்டும். மருந்து பெரும்பாலும் முட்டையைக் கொல்லாது, சூடு கொல்லும். அதனால்தான் நான் சூட்டின் பக்கம்.

துணிகளில் இருந்து தொடங்குங்கள். விரிப்பு, தலையணை உறை, சீலை, சாரம், நுளம்பு வலை, யன்னல் சீலை எல்லாவற்றையும் கட்டிலடியிலேயே பையில் போட்டு வாயைக் கட்ட வேண்டும். கையில் அள்ளிக்கொண்டு மண்டபம் வழியாக நடந்தால் வழியெல்லாம் விதைத்துக்கொண்டு போவீர்கள். சுடுதண்ணீர் மெசின் இருந்தால் 60 பாகையில் ஓடவிடுங்கள். எங்களுக்கு அது இல்லை. கோவில் அன்னதானத்துக்குச் சமைக்கிற பெரிய கிடாரம் ஒன்றை இரவல் வாங்கி, கிணற்றடியில் விறகு அடுக்கி, தண்ணீரைக் கொதிக்கவைத்து அரைமணி நேரம் அமுக்கி வைத்தோம். முன்பு சலவை செய்தவர்கள் வெள்ளாவி வைத்ததன் அருமை அன்றைக்குத்தான் விளங்கியது. பச்சைத்தண்ணீரில் ஊறவைத்தால் முட்டை சாகாது. பையைப் பிரித்த பிறகு அந்தப் பையைத் திரும்பப் பாவிக்காதீர்கள்.

கொதிதண்ணீர் தாங்காத கம்பளிக்கும் பட்டுக்கும் கறுப்புப் பொலித்தீன் பை. பையை அரைவாசிக்கு மேல் நிரப்பாமல், காற்றை வெளியேற்றிக் கட்டி, வெயிலில் சீமெந்துத் தரையில் பரப்பிவையுங்கள். நடுவில் சமையல் வெப்பமானி ஒன்றைச் செருகுங்கள். கொரோனா நேரம் வாங்கின நெற்றி வெப்பமானி இதற்கு உதவாது, அது உடம்புச் சூட்டுக்கு மட்டும்தான். நடுப்பகுதி 50 பாகையைத் தாண்டி ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நின்றால்தான் கணக்கு. நாங்கள் அடைத்து நிரப்பின பை மத்தியானம் ஒரு மணிக்கும் 40ஐத் தாண்டவில்லை. மெல்லியதாகப் பரப்பினது தாண்டியது. ஐப்பசியில் மழை தொடங்கினால் இந்த வழியும் அடைபட்டுவிடும், ஆகவே காலத்தைப் பார்த்துத் தொடங்குங்கள்.

கட்டிலுக்கு முதலில் வக்கும் கிளீனர். ஒடுக்கமான வாயைப் போட்டு தையல் ஓரம், துளை, சட்டம் எல்லாம் இழுங்கள். முடிந்ததும் அதன் பையை உடனே கழற்றி இரண்டு பையில் கட்டி வெளியே போடுங்கள். பை இல்லாத மெசின் என்றால் சவர்க்காரத் தண்ணீருக்குள் கொட்டுங்கள். மெசினை அப்படியே அலுமாரிக்குள் வைத்தால் அதுவே அடுத்த வீடு. பிறகு இரும்புக் கட்டிலை ஆள் இல்லாத நேரத்தில் அதே அறை வாசலில் சரித்து, கேத்தலில் கொதிதண்ணீரை ஆணித் துளைகளுக்கும் குழாய்களுக்கும் நேரே ஊற்றினோம். வாளியில் எடுத்து வந்து ஊற்றினால் வருவதற்குள் ஆறிவிடும். மின்சாரத்தில் உயரும் கட்டிலுக்கு இது கூடாது. சுற்றிவர யாரும் நடமாடாமல் ஒரு பிள்ளையை நிறுத்துங்கள், கொதிதண்ணீரும் தடி ஊன்றி நடப்பவர்களும் ஒரு விறாந்தையில் இருக்கக்கூடாது. பிரம்புக் கதிரையின் துளைகளுக்கும் இதே கேத்தல்தான்.

மெத்தைக்கு ஆவி மெசின் ஒன்று வாடகைக்கு எடுத்தோம். ஆவி வேகமாகச் சீறினால் மூட்டையை ஊதிக் கலைத்துவிடும், அகலமான வாயில் துணி சுற்றி, ஒரு அடி நீளத்தைப் பத்துச் செக்கன் எடுத்து மெதுவாக நகர்த்த வேண்டும். இரண்டாம் நாளே மெசின் அடைத்துக்கொண்டது. எங்கள் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு! கேத்தல் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே. குடாநாட்டில் ஆவி மெசின் பாவிப்பவர்கள் காய்ச்சி வடித்த போத்தல் தண்ணீரோ பிடித்துவைத்த மழைத்தண்ணீரோ ஊற்றுங்கள்.

ஆவி பிடித்துக் காய்ந்த மெத்தைக்கு முழுக்க மூடுகிற, சிப் (zip) வைத்த றெக்சீன் உறை போட்டோம். தையற்காரரிடம் சொல்லித் தைத்தது. சிப் முடியும் மூலையில் சிறு இடைவெளி இருக்கும், அதை ரேப்பால் ஒட்டுங்கள். ஒரு வருடத்துக்கு அந்த உறையைக் கழற்ற வேண்டாம், உள்ளே தப்பினது உள்ளேயே போகட்டும். கிழிந்துபோன தும்பு மெத்தைகள் நான்கை எறிந்தோம். எறியும்போது கத்தியால் குறுக்கே கீறி, "மூட்டை" என்று பெரிதாக எழுதுங்கள். இல்லாவிட்டால் பின்னேரத்துக்குள் யாராவது கொண்டுபோய்விடுவார்கள். ஆனால் எல்லாவற்றையும் எறிய வேண்டாம். மூட்டைக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது பழமொழியில் மட்டும் நடப்பதில்லை. முதல் கிழமை எங்கள் நிர்வாகக் கூட்டத்தில் 34 மெத்தையும் புதிதாக வாங்கச் சொன்ன ஒருவர் இருந்தார். புதிய மெத்தையைப் பழைய கட்டிலில் போட்டால் மூட்டைக்குத்தான் புதுமனை புகுவிழா.

கடைசியாகச் சுவர் வெடிப்புகளைச் சீமெந்தாலும், பலகை இடுக்குகளைப் புட்டிப் பசையாலும் (putty) அடைத்து, கட்டிலைச் சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம். விரிப்பு நிலத்தில் முட்டக்கூடாது, நுளம்பு வலை சுவரில் முட்டக்கூடாது. இப்போது கட்டிலுக்கு ஏற நான்கு கால்கள்தான் வழி.

அந்தக் கால்களுக்கு வெளிநாட்டுக் காணொளிகளில் வழுவழுப்பான பிளாஸ்ரிக் கிண்ணம் வைக்கச் சொல்வார்கள், மூட்டை விழுந்தால் ஏறாதாம். அது குளிர்நாட்டு மூட்டைக்குச் சரி. வெப்பநாடுகளில் உள்ள இனம் வேறு, சைமெக்ஸ் ஹெமிப்டெரஸ் என்று பெயர். அதன் காலில் ஒட்டுமயிர் கூட இருப்பதால் வழுவழுப்பிலும் ஏறிவிடும். எங்கள் அம்மம்மா எறும்புக்காகப் பலகாரப் பெட்டியின் காலுக்குத் தண்ணீர்ச் சிரட்டை வைப்பாரே, அதையே செய்தோம், சவர்க்காரத் தண்ணீர் ஊற்றி. ஒரு எச்சரிக்கை: தேங்கின தண்ணீர் டெங்கு நுளம்புக்குப் பிடித்த இடம், கண்டால் பரிசோதகர் வழக்கும் போடலாம். மூன்று நாளுக்கு ஒருமுறை ஊற்றி, கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவி, புதிதாக விடுங்கள். மாற்றுகிற நாளை ஒரு பிள்ளையின் பெயருக்கு எழுதிவிட வேண்டும், "எல்லாரும் பார்ப்போம்" என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். கிண்ணத்தில் மிதப்பதை எண்ணிக் கொப்பியில் எழுதினால், குறைகிறதா கூடுகிறதா என்று அதுவே சொல்லும்.

பெட்டி

இந்த வேலையில் எனக்குக் கடினமாக இருந்தது கொதிதண்ணீர் இல்லை, ட்ரங்குப் பெட்டிகள். ஒரு இல்லத்துக்கு வருபவர் வீட்டையும் வளவையும் விட்டுவிட்டு ஒரு பெட்டியோடு வருகிறார். அதைத் திறந்து கொட்டுங்கள் என்று சொல்ல யாருக்கு உரிமை? ஒன்பதாம் கட்டில் அம்மா பெட்டியின் மேல் படுத்துக்கொண்டார். உள்ளே என்ன என்று பிறகுதான் தெரிந்தது. தன் கடைசி நாளுக்கென்று மடித்து வைத்த கூறைச்சீலை.

நாங்கள் கண்டுபிடித்த வழி இது. பெட்டியை நாங்கள் திறப்பதில்லை, அவரே திறப்பார். கட்டிலுக்குப் பக்கத்தில் வெள்ளை விரிப்புப் போட்டு, அவரே ஒவ்வொன்றாக எடுத்துத் தருவார், ஒரு பிள்ளை பட்டியல் எழுதுவாள், எழுதினதை வாசித்துக்காட்டி ஒப்பம் வாங்குவாள். அன்றைக்கு எடுத்தது அன்றைக்கே திரும்ப வேண்டும். கூறைச்சீலையைத் தனிப்பையில் வெயிலில் வைத்தபோது அந்த அம்மா விறாந்தையில் கதிரை போட்டு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு மணித்தியாலம். நாங்கள் தேத்தண்ணீரை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தோம். ஒரு பெட்டிக்கு அரைநாள் போகும். அவசரப்பட்டால் இரவில் சாமான்களைத் தலையணைக்குள் ஒளிப்பார்கள், அதோடு உங்கள் வேலை முழுக்கப் பாழ்.

காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அல்பம் இவற்றுக்குச் சூடும் ஈரமும் ஆகாது. காற்றுப் போகாத பையில் போட்டு, ஐஸ்கிறீம் வைக்கிற வகை ஆழ்குளிர்ப் பெட்டியில் −18 பாகையில் நான்கு நாள் வையுங்கள். எடுத்த பிறகு அறைச் சூட்டுக்கு வரும்வரை பையைத் திறக்காதீர்கள், வியர்த்து நனைந்துவிடும். சாதாரணக் குளிர்சாதனப்பெட்டியின் ஐஸ் அறை பெரும்பாலும் அந்தக் குளிருக்குப் போகாது.

மருந்துக்கு ஆள் கூப்பிட்டால்

சூட்டால் மட்டும் முடியாத பெரிய கட்டடங்கள் உண்டு. கூப்பிடுங்கள், ஆனால் கேளுங்கள். என்ன மருந்து, இலங்கையில் பதிவு செய்ததா, லேபலைக் காட்டுவாரா? எத்தனை தரம் வருவார்? ஒரு தரத்தில் முடித்துத் தருகிறேன் என்பவரை அனுப்பிவிடுங்கள். முட்டை ஆறு முதல் பத்து நாளில் பொரிக்கும், ஆகவே குறைந்தது இரண்டு தரம், இரண்டு கிழமை இடைவெளியில் வர வேண்டும். இடுக்குகளுக்கு மட்டும் அடிக்கட்டும், படுக்கிற பரப்புக்கு வேண்டாம். எத்தனை மணித்தியாலம் வெளியே இருக்க வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். இழுப்பு உள்ளவர்களின் பட்டியலை முதலே கொடுங்கள். எங்களுக்கு வந்த முதல் ஆள் இதில் எதையும் கேட்கவில்லை, பணத்தை மட்டும் கேட்டார்.

கடித்த இடத்துக்குக் குளிர்ந்த துணி ஒற்றடமும் கலமைன் லோஷனும். நகத்தை வெட்டிவிடுங்கள், சீனி வருத்தக்காரருக்குச் சொறிந்த புண் ஆற நாளாகும். கடிக்குப் பிரிட்டோன் (Piriton) என்ற ஒவ்வாமைக் குளிசையை நீங்களாகவே கொடுக்காதீர்கள். வயதானவருக்கு அது மயக்கத்தையும் தடுமாற்றத்தையும் தரும், இரவில் எழும்பி விழுந்தால் இடுப்பெலும்புக் கணக்கு வேறு. மிகவும் மெலிந்தவர்கள் நீண்ட நாள் கடிபட்டிருந்தால் இரத்தம் குறைந்திருக்கிறதா என்றும் வைத்தியரைக் கேளுங்கள்.

எப்போது முடிந்தது என்று சொல்வது? கடைசி உயிருள்ள மூட்டையைக் கண்ட நாளில் இருந்து கிழமைக்கு ஒருமுறை ரோச்சோடு தேடி, ஆறு முதல் எட்டுக் கிழமை ஒன்றும் அகப்படாவிட்டால். முட்டை பொரித்து, ஐந்து தரம் தோல் கழற்றி வளர அவ்வளவு காலம் வேண்டும். இடையில் ஒரு குஞ்சு அகப்பட்டால் எண்ணிக்கை மறுபடி பூச்சியத்தில் இருந்து தொடங்கும். எங்களுக்கு இரண்டு தரம் அப்படி நடந்தது. இரண்டாம் தரம் நான் குசினிக்குள் போய் அழுதேன்.

வாசலில்

அந்தச் சாய்மனைக் கதிரை அன்பளிப்பாக வந்தது. எங்கள் ஊரில் அந்தியேட்டி முடிந்ததும் செத்தவரின் கட்டில், மெத்தை, உடுப்பு எல்லாம் முதியோர் இல்லத்துக்கு வரும். நல்ல மனதோடுதான் கொண்டுவருகிறார்கள். 31ஆம் நாள் துக்கத்தோடு வாசலில் வந்து நிற்பவரிடம் "மூட்டை பார்த்தீர்களா?" என்று கேட்க எனக்கு நா எழவில்லை, அதன் விலை நான்கு மாதம்.

இப்போது மெத்தை, தலையணை, துணி தைத்த கதிரை எதுவும் எடுப்பதில்லை. "ஐயாவின் பெயரில் ஒரு நேரச் சாப்பாடு தாருங்கள், இல்லாவிட்டால் புது விரிப்பு நான்கு தாருங்கள்" என்று சொல்கிறோம், பெரும்பாலும் சந்தோசமாக ஒப்புக்கொள்கிறார்கள். மரம், இரும்புச் சாமான் என்றால் மாமரத்தடியில் இறக்கிக் கேத்தல் தண்ணீர் ஊற்றிய பிறகே உள்ளே. புதிதாகச் சேர்பவர், ஆஸ்பத்திரியில் இருந்து திரும்புபவர் எல்லாருக்கும் விறாந்தையில் ஒரு மேசை: உடுப்பு நேரே பைக்குள், பை நேரே கிடாரத்துக்கு, அவருக்கு எங்கள் உடுப்பு. நல்லூர்த் திருவிழாக் காலம் வெளிநாட்டில் இருந்து வரும் பிள்ளைகளின் சூட்கேஸ் கட்டிலின் மேல் ஏறக்கூடாது, அதற்கும் அந்த மேசைதான். மேசைக்கு மேலே ஒரு ரோச் கயிற்றில் தொங்குகிறது. பற்றறியை மாதம் ஒருமுறை மாற்றுகிறோம்.